சாப்பிடுவதற்கு முந்தைய நாற்பது விநாடி

நம் பிள்ளைகளுக்குக் கை கழுவத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் ஏதாவது ஒரு பள்ளியின் குழாயடியில் நின்று பாருங்கள். சாம்பாரின் மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும்வரை விரல் விரலாகத் தேய்ப்பார்கள். நகத்திடுக்கில் ஒட்டிய பருக்கையை நோண்டி எடுப்பார்கள். வாய் கொப்பளித்து, தட்டையும் கழுவிக் கவிழ்ப்பார்கள். வீட்டில் அம்மாவும் பாட்டியும் ஊட்டிய பழக்கம்; குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே பிள்ளைகள் சாப்பிட உட்காரும் முன் என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி ஊற்றுவார்கள். அதில் வலது கையின் நுனி நனையும். ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வரிசைக்கு ஓடிவிடுவார்கள்.

குடற்புழுவுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. அதன் முட்டை விரலில் இருக்கும்போது கையைச் சும்மா நனைக்கிறோம். அது வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு அக்கறையாகத் தேய்க்கிறோம்.

பெங்களூர் ஆடுகோடியை எடுத்துக்கொள்ளலாம். ஓசூர் சாலையை ஒட்டி, இன்னும் பலர் வாயில் மைக்கோ என்றே வழங்கும் பாஷ் நிறுவனத்தின் வளாகம் இருக்கும் இடம். தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமும் இங்கேதான். மாட்டின் வயிற்றில் தீவனம் எப்படிச் செரிக்கிறது என்று ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய நிறுவனமும் இருக்கிறது. சற்றுத் தள்ளி, கோரமங்கலாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. இத்தனைக்கும் நடுவே ஒண்டுக்குடித்தன வரிசைகளும் குறுகிய சந்துகளும், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து பேசும் பிள்ளைகளும். அரசுப் பள்ளியில் மதியம் ‘பிசியூட்டா’. அதாவது சூடான சாப்பாடு. அட்சர தாசோஹா என்ற பெயரில் கர்நாடகம் தரும் மதிய உணவு. ஆண்டுக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரை. இது நாட்டின் மற்ற அரசுப் பள்ளிகளிலும் உள்ள நடைமுறைதான்.

மாத்திரையின் கதையை முதலில் முடித்துவிடலாம். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் 11 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் பரவியது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்பவை அதற்குக் குறித்த தேதிகள். மாநிலத்துக்கு மாநிலம் சற்று முன்பின் ஆவதுண்டு. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு ஆல்பென்டசோல் தருகிறார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 400 மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி. சவைத்து விழுங்க வேண்டும். விலை குறைவு, ஆபத்தும் மிகக் குறைவு, உருளைப்புழுவை நன்றாகவே வெளியேற்றும். ஆனால் அது அன்று வயிற்றில் இருக்கும் புழுவுக்கான மருந்து. மறுநாள் விழுங்கும் முட்டையை அது தடுக்காது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஒரு கட்டுரையின் கணக்கு கொஞ்சம் சங்கடமானது. உருளைப்புழுவுக்கு மருந்து கொடுத்த மூன்று மாதத்தில் தொற்று பழைய அளவில் கால்வாசிக்குத் திரும்பியிருந்தது. ஆறு மாதத்தில் 68 சதவீதம், ஓராண்டில் 94 சதவீதம். பிப்ரவரியில் துடைத்த இடம் ஆகஸ்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிடுகிறது என்று பொருள்.

இந்தத் தொற்று எங்கிருந்து வருகிறது? இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பது நம் வீடுகளில் இன்றும் உறுதியான நம்பிக்கை. சர்க்கரையிலிருந்து புழு பிறக்காது, முட்டையிலிருந்துதான் பிறக்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தாலும் எச்சில் வழிந்தாலும் பூச்சி என்று வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். பல் கடிப்பதற்கு வேறு காரணங்கள் ஏராளம். உண்மையில் புழு குறைவாக இருக்கும் பிள்ளைக்கு எந்த அறிகுறியும் தெரியாது. எண்ணிக்கை கூடும்போதுதான் வயிற்றுவலி, சோகை, வளர்ச்சிக் குறைவு என்று வெளிப்படும். உருளைப்புழுக்கள் பந்தாகச் சுருண்டு குடலையே அடைத்துவிடுவதும் உண்டு.

வயிற்றில் பூச்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உள்ளே இருப்பவை வெவ்வேறு பிராணிகள், வெவ்வேறு வழியில் வருபவை. நாட்டுப்புறத்தில் நாக்குப்பூச்சி என்று சொல்லும் உருளைப்புழு ஒரு சாண் நீளம், சில சமயம் அதற்கும் மேலே வளரும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். முட்டை ஒவ்வொன்றும் தலைமயிரின் கனத்தைவிடச் சிறியது, கண்ணுக்குத் தெரியாது. மலத்தோடு வெளியே வருகிறது. இதுவரை பலருக்கும் தெரிந்ததுதான். பெரும்பாலான கை கழுவும் பிரச்சாரங்கள் கவனிக்காமல் விட்டது இதற்கு அடுத்த படி: புதிதாக வெளிவந்த முட்டைக்குத் தொற்றும் திறன் கிடையாது. அதை அப்போதே விழுங்கினாலும் புழு வராது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து, உள்ளே குஞ்சுப்புழு முதிர்ந்த பிறகே அது ஆபத்தாகிறது. சாட்டைப்புழுவின் முட்டையும் அப்படித்தான்.

அப்படியானால் உருளைப்புழு, சாட்டைப்புழு இரண்டையும் பொறுத்தவரை, கழிப்பறைக்குப் போய்வந்த கையைவிட மண்ணில் கோலி விளையாடிய கைதான் ஆபத்தானது. முட்டை பழையது, பல வாரம், பல மாதம், ஏன் சில ஆண்டுகூட மண்ணில் காத்திருந்தது. யாருடைய மலத்திலிருந்து வந்தது என்பதே யாருக்கும் தெரியாது. ஆகவே எப்போது கழுவினோம் என்பதில் முதலிடம் சாப்பிடுவதற்கு முந்தைய நிமிடத்துக்கு. கழிப்பறைக்குப் பின் கழுவ வேண்டாம் என்று இதை யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. சீதபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் அந்த வழியே உடனுக்குடன் பரவுபவை. அந்தக் கழுவல் அவற்றுக்கு. சாப்பாட்டுக்கு முந்தைய இந்தக் கழுவல் புழுவுக்கு. சுவரொட்டியில் இரண்டையும் ஒரே வரியில் எழுதுவதால், நடைமுறையில் கழிப்பறை வாசலில் ஒரு குழாய் வைத்ததோடு வேலை முடிந்துபோகிறது.

பெங்களூர் இந்த முட்டைகளுக்கு ஏற்ற ஊர் என்றே சொல்ல வேண்டும். கொளுத்தும் வெயிலும் வறட்சியும்தான் அவற்றுக்கு எமன். இங்கே வெப்பம் மிதம். மே முதல் அக்டோபர் வரை விட்டுவிட்டு மழை. பெருமழை பெய்தால் கோரமங்கலாப் பள்ளத்தாக்கின் ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய் நிரம்பி, பெல்லந்தூர் ஏரிக்குப் போக வேண்டிய சாக்கடை தாழ்வான தெருக்களுக்குள் ஏறிவிடும். தண்ணீர் வடிந்ததும் தெரு காய்ந்துவிட்டதாக நினைக்கிறோம். பிள்ளைகள் அதே இடத்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

இனி சோப்பு. கொரோனா காலத்தில் சோப்பு வைரஸைக் கொல்கிறது என்று எல்லோரும் கற்றுக்கொண்டோம். அந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். புழுமுட்டையிடம் அந்த வித்தை பலிக்காது. அதன் ஓடு பல அடுக்கு: வெளியே ஒட்டும் தன்மையுள்ள புரதப் பூச்சு, உள்ளே கைட்டின், அதற்கும் உள்ளே கொழுப்பு அடுக்கு. எவ்வளவு கெட்டி என்றால், ஆய்வுக்கூடங்களில் இந்த முட்டைகளை வளர்ப்பதே நீர்த்த ஃபார்மலினிலோ நீர்த்த கந்தக அமிலத்திலோதான். மற்ற கிருமிகள் எல்லாம் அதில் செத்துப்போகும். இது மட்டும் நிம்மதியாக முதிரும். பையில் தொங்கும் சானிட்டைசர் இதை ஒன்றும் செய்யாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் சானிட்டைசர் போதும் என்ற அறிவுரை, புழு விஷயத்தில் தவறான அறிவுரை.

சோப்பு இங்கே கொல்வதில்லை, கழற்றிவிடுகிறது. முட்டையின் பிசுபிசுப்பையும் கையின் எண்ணெயையும் இளக்கி, தேய்க்கும் விசையில் தோலைவிட்டுப் பிரித்து, ஓடும் தண்ணீரோடு அனுப்புகிறது. அதனால்தான் தேய்ப்பது முக்கியம், ஓடும் தண்ணீர் முக்கியம், நகம் முக்கியம். இருபது பேர் ஒரே வாளியில் கையை முக்கி எடுத்தால் முதல் பிள்ளையின் முட்டை இருபதாவது பிள்ளைக்குப் போகும். இருபது விநாடி தேய்க்கச் சொல்கிறார்கள். வெளிநாடுகளில் பிறந்தநாள் பாட்டை இருமுறை பாடச் சொல்வார்கள். நமக்கு இரண்டாம் வாய்ப்பாடு இருக்கிறது. கன்னட வகுப்பில் மக்கி என்பார்கள். ஒருமுறை நிதானமாகச் சொல்லி முடித்தால் நேரம் சரியாக இருக்கும், கணக்கு வாத்தியாருக்கும் சந்தோஷம்.

நகத்தைப் பற்றி எத்தியோப்பியாவில் நல்ல ஆய்வு ஒன்று உண்டு. 2015இல் வெளியானது. வடக்கு எத்தியோப்பியாவில் 216 குடும்பங்களைச் சேர்ந்த 367 பள்ளி வயதுப் பிள்ளைகளை ஆறு மாதம் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் மருந்து கொடுத்து வயிற்றைச் சுத்தப்படுத்தியாயிற்று. சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்தவர்களில் 14 சதவீதத்தினருக்கே குடல் ஒட்டுண்ணி மறுபடி வந்தது. மற்றவர்களில் 29 சதவீதம். வாரம் ஒருமுறை நகம் வெட்டியவர்களில் 17, வெட்டாதவர்களில் 26. ஒரு நகவெட்டிக்கு இவ்வளவு பலன் என்றால், திங்கட்கிழமை காலை வரிசையில் நகத்தைப் பார்த்து அதட்டும் பழைய பி.டி. மாஸ்டர்களை நாம் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம்.

நகம் என்றதும் கீரிப்பூச்சியைச் சொல்ல வேண்டும். வெள்ளை நூல் துணுக்குப் போல இருக்கும் இது, மேலே சொன்ன விதிக்கு விலக்கு. இதற்கு மண் வேண்டாம். இரவில் பிள்ளை தூங்கும்போது பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். அரிக்கும், பிள்ளை தூக்கத்திலேயே சொறியும், முட்டை நகத்தில் ஏறும். சில மணி நேரத்திலேயே அது தொற்றும் நிலைக்கு வந்துவிடும். காலையில் எழுந்ததும் விரலை வாயில் வைத்தால் சுற்று முடிந்தது; பக்கத்தில் படுத்த தம்பிக்கும் தங்கைக்கும் சேர்த்து. இங்கே பலன் தருவது காலையில் எழுந்தவுடன் கழுவும் கழுவல். மருத்துவர்கள் வீட்டில் எல்லோருக்கும் மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

கொக்கிப்புழுவோ பெரும்பாலும் கையைத் தேடி வருவதில்லை. அதன் குஞ்சுப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறி, இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலுக்குள் இறங்குகிறது. அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் ஊர் முழுவதற்கும் மருந்து கொடுத்துத் தொற்றுச் சங்கிலியை அறுக்க முடியுமா என்று பெரிய அளவில் சோதித்தார்கள். அங்கே அவர்கள் அதிகமாகக் கண்டது இந்தக் கொக்கிப்புழுவைத்தான். இதற்குச் செருப்பும் கழிப்பறையும் வேண்டும். கை எவ்வளவு கழுவினாலும் காலுக்குச் செருப்பாகாது.

கை கழுவினால் புழு குறையும் என்பதற்குப் பள்ளியளவில் ஆதாரம் என்ன? எனக்குப் பிடித்தது சீனாவின் ஹூனான் மாகாணத்தில் நடந்தது. 38 பள்ளிகள், 9, 10 வயதுப் பிள்ளைகள் 1,718 பேர். பாதிப் பள்ளிகளில் ‘மந்திரக் கண்ணாடி’ என்ற 12 நிமிடக் கார்ட்டூன் போட்டுக் காட்டினார்கள். கண்ணாடியைப் போட்டதும் மண்ணிலும் கையிலும் உள்ள முட்டை தெரிந்துவிடும் என்பது கதை. எல்லாருக்கும் தொடக்கத்தில் மாத்திரை கொடுத்தாயிற்று. பள்ளியாண்டு முடிவில் பார்த்தால், கார்ட்டூன் பார்க்காத பள்ளிகளில் 8.4 சதவீதத்தினருக்குப் புதிதாகத் தொற்று. பார்த்த பள்ளிகளில் 4.1. கிட்டத்தட்டப் பாதி. முடிவுகள் 2013இல் வெளியாயின. கண்ணுக்குத் தெரியாத முட்டையைக் கண்ணுக்குக் காட்டியது பலித்திருக்கிறது.

எதிர்ப்பக்க ஆதாரத்தையும் மறைக்கக் கூடாது. கென்யாவிலும் வங்கதேசத்திலும் கிராமத்து வீடுகளில் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களோடு நடத்திய பெரிய சோதனைகளில், கை கழுவும் வசதியை மட்டும் தந்தது உருளைப்புழுவைக் குறைக்கவில்லை. மண்ணில் தவழ்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது அது. எத்தனை தடவைதான் கழுவுவது? தானே குழாயைத் திறந்து, சொன்னதைச் செய்யும் எட்டு வயதுப் பிள்ளை வேறு. பள்ளிதான் இதற்குச் சரியான இடம் என்று நான் நினைப்பதற்கு இந்த வேறுபாடே காரணம்.

பிசியூட்டா இங்கே ஒரு நல்ல வாய்ப்பு. கொதிக்கக் கொதிக்கச் சமைத்த சோற்றிலும் சாம்பாரிலும் புழுமுட்டை பிழைக்காது. 60 டிகிரியைத் தாண்டினால் சீக்கிரமே செத்துவிடும். பள்ளிச் சாப்பாட்டில் முட்டை நுழையக்கூடிய பெரிய வாசல் அதைப் பிசையும் விரல்தான். பள்ளி வாசலில் விற்கும் மாங்காய்க் கீற்றும் வெள்ளரிப் பிஞ்சும் தனிக் கதை. அவற்றைச் சமைப்பதில்லை, வண்டிக்காரர் கழுவுகிறாரா என்பதையும் நாம் பார்ப்பதில்லை.

பிரச்சாரத்துக்கு நம் நாட்டில் குறைவில்லை. அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள். 2014இல் மத்தியப் பிரதேசத்தில் அன்று 51,196 இடங்களில் 12,76,425 பிள்ளைகள் கை கழுவி கின்னஸ் சாதனை படைத்தார்கள். அக்டோபர் 16ஆம் தேதி எத்தனை பேர் கழுவினார்கள் என்பதற்கு கின்னஸில் பிரிவு இல்லை.

பதினாறாம் தேதியைத் தீர்மானிப்பது குழாயின் எண்ணிக்கை. ஒரு பள்ளியில் 300 பிள்ளைகள், இரண்டு குழாய் என்று வைத்துக்கொள்வோம். நனைத்து, சோப்புப் போட்டு, தேய்த்து, அலச ஒரு பிள்ளைக்கு 40 விநாடி. ஒரு குழாய்க்கு 150 பேர், 6,000 விநாடி, 100 நிமிடம். சாப்பாட்டு இடைவேளையே அவ்வளவு கிடையாது. இந்தப் பள்ளியில் எவ்வளவு விழிப்புணர்வு ஊட்டினாலும் பிள்ளைகள் கையைக் கழுவ மாட்டார்கள், கழுவ முடியாது. பசியோடு நிற்கும் பிள்ளை வரிசையைப் பார்த்துவிட்டு நேரே தட்டை நீட்டும். அது புத்திசாலித்தனமும்கூட. ஒரே நேரத்தில் 10, 12 பேர் கழுவும் வசதி வேண்டும் என்று 2014இல் வந்த தூய்மைப் பள்ளித் திட்டத்தின் வழிகாட்டி சொல்கிறது. 12 இடம் இருந்தால் அதே 300 பேரும் 17 நிமிடத்தில் முடித்துவிடலாம்.

பன்னிரண்டு குழாய்க்குப் பணம் இல்லையென்றால் பிலிப்பைன்ஸ் வழி இருக்கிறது. அங்கே பள்ளிகளில் தினமும் எல்லோரும் சேர்ந்து சோப்புப் போட்டுக் கை கழுவி, பல் துலக்கி, ஆண்டுக்கு இருமுறை புழு மாத்திரை சாப்பிடும் திட்டம் ஒன்று நடந்து வருகிறது. பல இடங்களில் குழாயே இல்லை. நீளமான பி.வி.சி. குழாயில் வரிசையாகத் துளை போட்டு, ஒரு முனையில் திருகு வைத்திருப்பார்கள். திறந்தால் ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பியாகத் தண்ணீர். ஒருவர் திறந்து மூட, வரிசை முழுவதும் கழுவி முடிக்கும்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிட வேண்டும், இது பெங்களூர் ஆயிற்றே. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காவிரியிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் தண்ணீர். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வறண்டு, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. தட்டுப்பாடு வந்தால் பள்ளியில் முதலில் நிற்பது கை கழுவும் தண்ணீர்தான். குழாயை 40 விநாடியும் திறந்து விட்டால் தலைக்கு 4 லிட்டர் போகும். 300 பேருக்கு 1,200 லிட்டர். தேய்க்கும்போது மூடிவைத்தாலோ துளைக் குழாய் வைத்தாலோ அரை லிட்டரில் அடங்கும். மொத்தம் 150 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் அளவு.

பிறகு, பள்ளியில் வைத்த சோப்பு எங்கே போகிறது என்ற நிரந்தரப் புதிர். ஒன்று, காணாமல் போகும். இல்லையென்றால் காணாமல் போகுமே என்ற பயத்தில் தலைமையாசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருக்கும். மைசூர் சாண்டல் என்று அரசே சோப்புத் தயாரித்து விற்கும் மாநிலத்தில் இந்த நிலைமை. வங்கதேசத்தில் இதற்கு எளிய வழி கண்டார்கள். துணி துவைக்கும் சோப்புத்தூள் 30 கிராமை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கலக்கி, மூடியில் துளை போட்ட பாட்டிலில் ஊற்றி வைப்பது. அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. நுரையும் நன்றாக வரும். அதே நாட்டில் இரண்டு கிராமப் பள்ளிகளில் இன்னொன்றும் செய்தார்கள். கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம் வரை தரையில் பாதச்சுவடு வரைந்து, குழாயருகே கைத்தடம் வரைந்து வைத்தார்கள். பாடம் ஏதும் நடத்தவில்லை. கழிப்பறைக்குப் போன பின் சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் 4 சதவீதத்திலிருந்து மறுநாளே 68 ஆனார்கள்; ஆறு வாரம் கழித்தும் 74. புழுவுக்காக வரைவதானால் சுவடு வகுப்பறையிலிருந்து குழாயடிக்கும், குழாயடியிலிருந்து சாப்பாட்டு வரிசைக்கும் போக வேண்டும்.

கர்நாடக அரசுப் பள்ளிகளில் பெற்றோர் உட்காரும் எஸ்.டி.எம்.சி. என்ற பள்ளி வளர்ச்சிக் குழு இருக்கிறது. பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தீர்களா என்று அங்கே கேட்பவர்கள் உண்டு. குழாய் எத்தனை, சாப்பிடும் இடத்திலிருந்து எத்தனை அடி தூரம், சோப்புத் தண்ணீர் பாட்டிலை நிரப்புவது யார் பொறுப்பு என்று கேட்பது அதைவிடப் பயன் தரும். நேரம் போதவில்லை என்ற பதில் வந்தால் அதற்கும் வழி உண்டு. பெங்களூரில் பல பள்ளிகளுக்குச் சாப்பாடு பெரிய சமையற்கூடத்திலிருந்து வண்டியில் வருகிறது. வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே முதல் வகுப்பைக் குழாயடிக்கு அனுப்பிவிட வேண்டும். கழுவிய கையோடு வெளியே ஆடவிடாமல் நேரே உட்காரவைத்து, முதலில் கழுவியவர்களுக்கு முதலில் பரிமாற வேண்டும். பாத்திரங்களை இறக்கி, மூடியைத் திறந்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கும் நேரத்தில் ஐந்தாம் வகுப்பு இரண்டாம் வாய்ப்பாட்டைப் பாதி சொல்லியிருக்கும்.